எல்லாச் சாடியும் பச்சையாய் நின்ற நாள்

பணிப்பகிஷ்கரிப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை, பீடத்தின் பின்பக்கத்து செடி வளர்க்கும் வலைக்கூடமான நெற் ஹவுசுக்குள் முதலில் போனவன் நான். வெங்காயச் சாடிகள் எல்லாம் பச்சையாய் நின்றன. ஒரு சாடிகூட வாடவில்லை. ஒரு தோட்டக்காரர் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். நான் நேரே கடைசி வரிசைக்குப் போனேன். அந்த வரிசை மஞ்சளடித்து மெலிந்து நிற்க வேண்டியது. அந்த வரிசையும் நன்றாக நின்றால், வதனி மிஸ்ஸின் ஆராய்ச்சி பாழ் என்று அர்த்தம்.

என் மகள் தன் பள்ளிக்கூட மலருக்காக, "அப்பா, உங்கடை வேலையைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். விவசாயம் படிப்பிக்கும் ஒரு பீடத்தில் ஆய்வுகூட உதவியாளர். போத்தல் கழுவுவது, மண் அரிப்பது, சாடிக்குத் தண்ணீர் விடுவது என் வேலைகள். பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிசைச் சாடிகளின் கதையை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன்.

அவித்த மண்

வதனி மிஸ் எங்கள் பீடத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக வந்தவர். படிப்பிப்பதோடு மேற்படிப்புக்கான ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். வந்த முதல் நாளே ஒரு சாக்குச் செம்மண்ணைக் காட்டி, "அண்ணை, உதை அவிக்க வேணும்" என்றார்.

"மண்ணையோ மிஸ்?"

"ஓம். ஓட்டோகிளேவிலை வைச்சு ரெண்டு தரம்."

"உப்புப் போடத் தேவையில்லையோ?"

மிஸ் சிரித்தார். "உப்புப் போட்டால் பிறகு நீங்கள்தான் சாப்பிட வேணும்."

ஓட்டோகிளேவ் என்பது பெரிய பிரெஷர் குக்கர் மாதிரி ஒரு இயந்திரம். மண்ணை அதற்குள் அவித்தால் மண்ணில் இருக்கும் உயிர்கள் எல்லாம் செத்துவிடும். மூடியைத் திறந்தபோது பனங்கிழங்கு அவித்த அடுப்படி போல மணந்தது. நல்ல மண்ணை ஏன் கொல்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் கேட்கிற வழக்கம் கிடையாது. 'தொடாதே', 'திறக்காதே', 'ஒரு கப் தண்ணீர்' என்று பேப்பரில் எழுதி ஒட்டியிருக்கும். ஏன் என்று ஒரு பேப்பரிலும் இருக்காது.

மற்றதெல்லாம் மண் அரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடிபட்டது. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, ஒன்றின் கீழ் ஒன்றாய் அடுக்கிய அரிதட்டுகளில் ஊற்றுவோம். மேல்தட்டில் கல்லும் வேரும் தங்கும். கடைசித் தட்டின் கண் மிகவும் சின்னது. அதில் தங்குவதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் சவ்வரிசி சிந்தினது போல உருண்டை உருண்டையாய்க் கிடக்கும். சில தேன் நிறம், சில வெள்ளை, சில புளியங்கொட்டை நிறம். அவைதான் மண்ணில் வாழும் ஒரு வகைப் பங்கசுகளின் வித்திகள்.

பங்கசு என்றால் பாணில் பிடிக்கும் பூஞ்சணம்தான் உங்களுக்கு நினைவு வரும். இது வேறு. செடியின் வேருக்குள் கொஞ்சமும் வெளியில் மண்ணுக்குள் கொஞ்சமுமாக, தலைமயிரைவிட மெல்லிய நூலாய் ஓடும். வேர் எட்டாத இடத்தில் இருக்கும் தண்ணீரையும் பொசுபரசையும் அந்த நூல் கொண்டுவந்து கொடுக்கும். செடி பதிலுக்குச் சீனிச்சத்துக் கொடுக்கும்.

"அப்ப ஒரு வகை பங்கசு இருந்தால் காணும்தானே மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுதான் அண்ணை என்ரை கேள்வியும். ஒரு வீடு கட்ட மேசன் மட்டும் வந்தால் காணுமோ? தச்சன் வேண்டாமோ? ஒரு வகை தண்ணி கொண்டு வரும், ஒண்டு பொசுபரசு கொண்டு வரும், இன்னொண்டு மண்ணை உதிராமல் கட்டி வைச்சிருக்கும். எத்தினை பேர் எண்டதை விட, ஆர் ஆர் என்ன வேலை செய்யினம் எண்டு பாக்க வேணும்."

கமலா அக்காவின் பின்வளவு

மண் எடுக்க நாங்கள் பல காணிகளுக்குப் போனோம். வருடம் முழுக்கக் கொத்தி, உரம் போட்டு, மருந்தடிக்கும் தோட்டக்காணிகளில் இரண்டொரு வகை வித்திகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. வலிகாமம் வடக்கில், போர்க்காலத்தில் இராணுவம் ஆட்களை எழுப்பிவிட்டு அண்மையில் திருப்பி விட்ட ஒரு காணியின் மண்ணைப் பார்த்தபோதுதான் மிஸ் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே மறந்தார். முப்பது வருடத்துக்குக் கிட்ட மண்வெட்டி படாத நிலம். பின்பக்கத்து எல்லையில் வடலிப் பனைகளும் காரை முட்பற்றையும் அடர்ந்த ஒரு நீளத்துண்டு இருந்தது. அந்தத் துண்டின் மண்ணில் நாங்கள் வேறெங்கும் காணாத வகைகள் கிடைத்தன.

காணிக்காரி கமலா அக்கா ஒரு தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு காணியைத் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கம் முழுக்க வெட்டி எரித்தாயிற்று. பின்பக்கம் மட்டும் மிச்சம்.

"அக்கா, இந்தத் துண்டை மட்டும் கொஞ்ச நாளைக்கு வெட்டாமல் விடுவியளோ?" என்று மிஸ் கேட்டார்.

"உந்தப் பத்தையையோ? பாம்பு கிடக்கும், பிள்ளை."

மிஸ் இரண்டு தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கினார். ஒன்றில் பக்கத்துத் தோட்டத்து மண்கட்டியைப் போட்டார். அது கரைந்து சேறாய் அடியில் படிந்தது. மற்றதில் பற்றைக்குள் எடுத்த மண்கட்டியைப் போட்டார். அது போட்டபடியே கிடந்தது.

கமலா அக்கா தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன கட்டி வைச்சிருக்கு?"

"பங்கசின்ரை நூல். மழை அடிச்சாலும் மண் ஓடாது. உந்த மண்ணிலை ஒரு பிடி போட்டு வெங்காயம் வைச்சால் குறைஞ்ச தண்ணியிலையும் வரும் எண்டு நினைக்கிறன். இன்னும் நிச்சயமில்லை. வைச்சுப் பாத்துத்தான் சொல்லலாம்."

அக்கா யோசித்தார். பிறகு சொன்னார்: "சரி, நீர் வைச்சுப் பாரும். வெங்காயம் கிண்டுற வரைக்கும் நான் உதிலை கத்தி வைக்க மாட்டன். வந்திட்டுதெண்டு எனக்குக் கண்ணாலை காட்டினால், உதை அப்பிடியே விட்டிடுறன். ஊர்ச்சனமும் வந்து மண் எடுக்கட்டும். வராட்டில் வெட்டுவன். வீட்டு வேலை தொடங்க வேணும்."

திரும்பி வரும்போது மிஸ் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தார். மண் பையை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார்.

பூச்சிய வரிசை

அந்த மண்ணிலிருந்து வித்திகளை வகை வகையாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாடியில் சோளம் போன்ற இறுங்கின் வேரில் வளர்த்தோம். இவற்றைத் தாய்ச்சாடி என்போம். ஒரு வகை வேரில் பிடித்து வித்தி வைக்க மாதக்கணக்கில் ஆகும். ஒரு துளி அழுக்குத் தண்ணீர் பட்டாலும் கலந்துவிடும். மிஸ் அந்த நாட்களில் நெற் ஹவுஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். கோயிலுக்குப் போவது போல என்று நான் பகிடி பண்ணுவேன்.

பிறகு வெங்காயச் சாடிகள். அவித்த மண்ணை எல்லாவற்றிலும் நிரப்பினோம். நாங்கள் போடுகிற பங்கசைத் தவிர வேறொன்றும் மண்ணில் இருக்கக்கூடாது, அதற்குத்தான் அவித்தது. ஒரு வரிசைக்கு ஒரு வகை பங்கசு, அடுத்ததற்குச் சில வகை, அதற்கடுத்ததற்குப் பல வகை. கடைசி வரிசைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சாடிகளில் மிஸ் பூச்சியம் என்று எழுதினார்.

விதைவெங்காயம் கொண்டுவந்து தந்தவர் நவம் அண்ணை. அவர் பீடத்து வாசலில் நிற்கும் காவலாளி, வெளிக் கொம்பனி ஒன்றின் ஆள். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்தவர். முதுகு நோவோடு தோட்டத்தை விட்டுவிட்டு யூனிபோர்ம் போட்டுக்கொண்டவர். தன் ஊர் வெங்காயம் என்பதால் ஒவ்வொரு நாளும் கடமை முடிய நெற் ஹவுசுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்.

முளைத்துக் கொஞ்ச நாளில் பூச்சிய வரிசை பின்தங்கிவிட்டது. வெங்காயத்தாள் மெலிந்து நுனி கருகியது.

"பிள்ளை, உந்த வரிசையை ஏன் பட்டினி போடுறியள்?" என்று நவம் அண்ணை கேட்டார்.

மிஸ் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். "அது அப்பிடித்தான் அண்ணை. அது கொன்ட்ரோல்."

"ஓ," என்றார் நவம் அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பி, "பெரிய இடத்துக் கதை. எங்களுக்கேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

வாசலுக்கு வெளியே

வெங்காயம் பாதி வளர்ச்சியில் நின்ற நேரத்தில் மிஸ் வேர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே உள்ள இயந்திரம் எங்களிடம் இல்லை. அவர் போன பின் கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்புத் தொடங்கியது. நானும் சங்கத்து ஆள். கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பதாகையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு நாளில் முடியும் என்றார்கள். வாரக்கணக்கில் இழுத்தும் முடியவில்லை.

மிஸ் தொலைபேசியில் நவம் அண்ணையைப் பிடித்தார். காவலாளிகள் வேறு கொம்பனி என்பதால் அவர்கள் வேலையில் இருந்தார்கள். ஒவ்வொரு சாடிக்கும் ஒரு கப் தண்ணீர் விடும்படி கேட்டார். நவம் அண்ணை சரி என்றார். அந்த மனிதன் சொன்ன சொல் தவறவில்லை. பம்ப் போடவும் ஆள் இல்லாததால் கிணற்றில் அள்ளி, முதுகு நோவோடு வாளி வாளியாய்ச் சுமந்து விட்டிருக்கிறார்.

நான் கம்பிக் கதவுக்கு வெளியில் நின்று கேட்பேன். "அண்ணை, சாடியள் எப்பிடி?"

"ஒரு குறையும் இல்லை தம்பி. எல்லாம் எழும்பிட்டுது. நீங்கள் கத்துறதைக் கத்துங்கோ."

எல்லாம் எழும்பிட்டுது என்று அவர் சொன்னது என் காதில் நல்ல சேதியாகத்தான் விழுந்தது. மிஸ்ஸுக்கும் தொலைபேசியில் அப்படியே சொன்னேன். அவரும் சந்தோசப்பட்டார்.

ஒரு பிடி

முதலில் எழுதிய அந்தக் காலை, மிஸ்ஸும் பேருந்தில் இருந்து இறங்கி நேரே வந்தார். பூச்சிய வரிசையின் முன்னால் குந்தினார். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி, அவித்து, சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். வேருக்குள் பங்கசின் நூல்கள் நீலமாய் ஓடின.

நவம் அண்ணை வாசலில் வந்து நின்றார். "எப்பிடிப் பிள்ளை என்ரை வேலை?"

"அண்ணை, இந்தப் பூச்சியச் சாடியளுக்கு என்னவும் போட்டனீங்களோ?"

"ஒரு பிடி மண்தான். உந்த இறுங்குச் சாடியளிலை எடுத்தது. நல்லா மதாளிச்சுச் செழிச்சு நிண்டுது. நல்லா வாற பாத்தியிலை ஒரு பிடி எடுத்து வராத பாத்திக்குப் போடுறது எங்கடை பழக்கம். வேறை ஒண்டும் போடேல்லை."

"எந்த இறுங்குச் சாடியிலை?"

"எல்லாத்திலையும்தான். ஒண்டிலை மட்டும் எடுத்தால் அது குறைஞ்சு போகுமே. குறைஞ்ச இடத்துக்கு மற்றதிலை எடுத்து நிரப்பிப்போட்டன். கொஞ்சம் சோர்ந்து நிண்ட மற்ற வெங்காயத்துக்கும் போட்டனான். ஒண்டுக்கும் வஞ்சகம் செய்யேல்லை."

வெங்காயம் மட்டும் கெட்டிருந்தால் திரும்ப நட்டிருக்கலாம். தாய்ச்சாடிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வகை வகையாய்ப் பிரித்து வைத்த அத்தனையும் ஒன்றாகிவிட்டது.

மிஸ் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தண்ணி விட்டது பெரிய உதவி அண்ணை" என்றார். பிறகு மண் அரிக்கும் அறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். உள்ளே அரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நவம் அண்ணைக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது. கிணற்றடியில் வைத்து நான் சொன்னேன். பூச்சியம் நோஞ்சானாய் நின்றால்தான் மற்றது எவ்வளவு நல்லது என்று அளக்கலாம் என்று சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பிள்ளையின்ரை படிப்பு?"

நான் கிணற்றில் வாளியை விட்டேன்.

"தம்பி, நான் அகதி முகாமிலை வரிசையிலை நிண்டு வெறுங்கோப்பையோடை திரும்பின ஆள். ஒரு வரிசைக்கு மட்டும் இல்லையெண்டால் என்னாலை பாத்துக்கொண்டிருக்கேலாது. இன்ன காரணம் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு தண்ணியை மட்டும் விட்டிருப்பனே."

அதை மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "ஓம் அண்ணை. ஒரு நிமிச வேலை. சொல்லேல்லை" என்றார்.

காட்ட முடியாதது

வெங்காயம் கிண்டும் காலம் நெருங்கியது. கமலா அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"மிஸ், சாடியள் எல்லாம் பச்சையாத்தானே நிக்குது. நாலைக் கொண்டுபோய்க் காட்டினால் அக்கா விட்டிடுவா."

"எதை அண்ணை காட்டுறது? எல்லாம் நல்லா நிண்டால், எது நல்லாக்கினது எண்டு காட்டேலாது. எனக்கே நிச்சயமில்லாததை அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

போய் உள்ளதைச் சொன்னோம். கமலா அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி தந்து, தானும் குந்திக்கொண்டார்.

"அப்ப இன்னொரு போகம் பொறுக்க வேணுமோ?"

"அதை விடக் கூடச் செல்லும் அக்கா. முதல்லை திருப்பி வகை வகையாப் பிரிக்க வேணும்."

"கோவிக்காதை பிள்ளை. நான் பிறத்தியாற்றை வீட்டிலை இருந்தே கிழவியாப் போனன். மருமகன் இப்பதான் வீட்டைத் தொடங்கச் சொல்லுறார். உன்ரை பங்கசுக்கு வீடு இருக்கு. எனக்கு இல்லை."

  அக்கா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

பீடத்தில் எங்கள் பேராசிரியரிடம் மிஸ் இன்னொரு வருடம் கேட்டுப் பார்த்தார். சேர் நல்ல மனிதர். "திருப்பிச் செய்யத்தான் வேணும். ஆனா உம்மடை பதவிக்காலம் முடியுது. நான் எழுதிக் கேட்டுப் பாத்திட்டன், நீடிக்க மாட்டினமாம்" என்றார்.

பற்றையை வெட்டுவதற்கு முதல் நாள் மிஸ்ஸும் நானும் போய் ஒரு சாக்கு மண் எடுத்துவந்தோம். சாக்கின் வாயை மிஸ்தான் கட்டினார். கொஞ்ச நாளில் அவருக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. அங்கே அவருடைய வேலை பனி நாட்டு மரங்களைப் பற்றியது. போகும்போது சாக்கைப் பத்திரமாய் வைத்திருக்கச் சொன்னார்.

வைத்திருந்தேன். அடுத்த மாரிக்கு அந்த மண்ணில் இறுங்கு போட்டேன். தனித்தனியாய்ப் பிரிக்க எனக்குத் தெரியாது, தெரிந்தவரும் இல்லை. சாடிக்குள் இரண்டொரு வகை மேலோங்கி, மற்றவை போகத்துக்குப் போகம் குறைந்தன. கடைசியாய் அரித்தபோது தோட்டக்காணியில் கிடைப்பவைதான் கிடைத்தன. புளியங்கொட்டை நிற வித்திகளை நான் பிறகு காணவில்லை. அவற்றுக்குப் பெயர் வைக்கவும் ஆள் இருக்கவில்லை.

சில மாதத்துக்கு முன் மிஸ் தொலைபேசி எடுத்தார்.

"கமலா அக்கா வீடு கட்டி முடிச்சிட்டாவோ அண்ணை?"

"ஓம் மிஸ். பால் காய்ச்சினதுக்கும் போனனான். நல்ல வீடு."

"பின்பக்கம்?"

"கார்க்கொட்டில். சீமெந்து போட்டாச்சு."

 "கார் வாங்கிட்டாவோ?"

"இல்லை மிஸ். மருமகன் வாறபோது பிடிக்கிற வான் நிக்கிறதுக்கு."

மிஸ் சிரித்தது போலத்தான் கேட்டது. பிறகு பிள்ளைகளைச் சுகம் கேட்டார்.

இப்போது

பிள்ளைகளே, நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் அதன் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். காவலாளி என்றோ, படிக்காதவர் என்றோ, நேரமில்லை என்றோ விட்டுவிடாதீர்கள். நல்ல மனம் உள்ளவரிடம் காரணத்தைச் சொல்லாமல் விட்டால், அவர் தன் நல்ல மனம் சொல்வதைச் செய்வார்.

இப்போது எங்கள் நெற் ஹவுசில் பூச்சியச் சாடிகளில் நான் ஒரு அட்டை கட்டுகிறேன். 'இது மெலிந்து நிற்பது மற்றவற்றை அளப்பதற்கு. அளந்து முடிந்ததும் இதற்கும் உண்டு.' எழுதியபடியே செய்கிறோம். பரிசோதனை முடிந்தால் பூச்சியச் செடிகளைப் பிடுங்கி எறிவதில்லை. வேலி ஓரத்துப் பாத்தியில் நட்டுவிடுகிறோம்.

நடுவது நவம் அண்ணை. ஒவ்வொரு போகமும் அந்த நாள் வருமுன்பே மூன்று நான்கு தரம் வந்து, அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"அளந்து முடிஞ்சுதோ தம்பி? இப்ப குடுக்கலாமோ?"

"முடிஞ்சுது அண்ணை. குடுங்கோ" என்பேன்.

கடையில் வாங்கிய கூட்டெருப் பையை அவர் அவிழ்ப்பார். கொடுக்கக் கமலா அக்காவின் பின்வளவு மண்தான் இல்லை.